வெயிலும் அவருடையதாம்

“பகல்ல உங்களுக்கு எதுக்கும்மா கரண்ட்?”

நாங்கள் குடிவந்த மூன்றாம் நாள் வீட்டுக்காரர் என்னிடம் இப்படிக் கேட்டார். இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு படிக்கட்டில் நின்றிருந்தேன். பதில் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான். நான் பேசாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, படிக்கட்டுக்கு அடியில் இருந்த மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம். மேலே எங்கள் அறையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றது.

அன்றிலிருந்து எங்களுக்கு மாலை ஆறிலிருந்து பத்து வரைதான் மின்சாரம். கீழே இரண்டு தளங்களிலும் அவர் குடும்பம்; அவர்களுக்கு நாளெல்லாம் உண்டு. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை எங்களுடையது. மதியத்தில் உள்ளே இருந்தால் அடுப்பில் ஏற்றிய பாத்திரத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அக்காவும் நானும் அவருக்கு ‘மெயின்’ என்று பட்டப்பெயர் வைத்தோம். வைத்ததோடு சரி. நேரில் கண்டால் அக்கா “வணக்கம் சார்” என்பாள். நான் சுவரைப் பார்ப்பேன்.

எதுக்குக் கரண்ட் என்று கேட்டாரே, இப்போது சொல்கிறேன். போனுக்கு.

அக்கா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மலை மலையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். வெளுத்து, காயவைத்து, மடித்து அனுப்ப வேண்டும். மாலை நாலு மணி முதல் நள்ளிரவு வரை வேலை. ஆனால் இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். காலை பத்திலிருந்து மூன்றுக்குள் எப்போது வேண்டுமானாலும் மேற்பார்வையாளரம்மா போன் செய்வார். எடுத்து “வர்றேன்” என்றால் வேலை. எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மூன்று முறை எடுக்காவிட்டால் பெயரையே அடித்துவிடுவார்கள். காய்ச்சலா, சாவா, சார்ஜ் இல்லையா என்றெல்லாம் கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது.

இருவருக்கும் சேர்த்து ஒரே போன். எங்கள் அறைக்கு மின்சாரம் வருகிற நேரத்தில் அது அக்காவோடு வேலையிடத்தில், பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். அக்கா வீடு திரும்பும்போது மின்சாரம் போயிருக்கும். அதனால் காலையில் தெருமுனை போன் கடையில் கொடுத்துச் சார்ஜ் போட்டு வாங்குவோம். பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று சைகை காட்டினேன். “போனை வெச்சுட்டுப் போ பாப்பா, ஆளுக்கெல்லாம் இங்க பிளக் இல்ல” என்றார் கடைக்காரர். முதல் அழைப்பு அப்படித்தான் போனது. இரண்டாவதும் அப்படித்தான்.

“அடிச்சுது, ரொம்ப நேரம் அடிச்சுது. நல்ல பாட்டு வெச்சிருக்கீங்க” என்று சிரித்துக்கொண்டே போனை நீட்டினார் அந்த மனிதர்.

அன்று மாலை அக்கா மெயினிடம் போனாள். மதியம் ஒரு மணி நேரம் மட்டும் சுவிட்சைப் போடச் சொல்லிக் கேட்டாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

“ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா.”

மாடியில் எங்களைத் தவிர புறாக்கள்தான் இருக்கின்றன. அவை இதுவரை எதையும் கேட்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவோ “சரிங்க சார்” என்று திரும்பிவிட்டாள். மேலே ஏறும்போது, “விடுடி பூச்சி, நம்ம நேரம் அப்படி” என்றாள். வாயில்லாப் பூச்சி என்பதைச் சுருக்கி அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நம் நேரமா? அவர் விரல் செய்கிற வேலைக்கு நம் நேரம் என்ன செய்யும்?

மாடியில் இல்லாதது மின்சாரம். மாடியில் தட்டுப்பாடில்லாமல் கிடைப்பது வெயில். அதையே பிடிப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பள்ளியில் மின்சாரப் பாடம் வருவதற்கு முன்பே நான் நின்றுவிட்டேன். வாய்விட்டு வாசிக்கச் சொல்லி ஒரு டீச்சர் என்னைப் பாடவேளை முழுக்க நிற்கவைத்தார். வகுப்பே சிரித்தது. மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் அக்கா தூங்கும்போது போனில் படித்தது மட்டும். வெயிலில் சார்ஜ் போடுவது எப்படி என்று ஆயிரம் வீடியோ இருக்கிறது. நான் எதையும் ஓட்டவில்லை. படம் ஓடினால் சார்ஜைத் தின்னும். கீழே ஆட்கள் எழுதியிருக்கும் புலம்பல்களை மட்டும் படித்து நோட்டில் எழுதிக்கொண்டேன். வீடியோவின் முகப்புப் படத்தில் செய்து காட்டுகிறவர் எப்போதும் சிரிப்பார். கீழே ஒருவர், “நேரா பேனல்ல இருந்து போனுக்குக் குடுத்தேன், போன் செத்துப்போச்சு” என்று எழுதியிருப்பார். இன்னொருவர், “சிவப்பு வயர்தான் பிளஸ்னு நம்பிட்டேன்.” இன்னொருவர், “பழைய லேப்டாப் பேட்டரி செல் வீங்கிப் புகை வந்துச்சு, மெத்தை எரிஞ்சுது.” சிரித்தவர்களைவிட எரிந்தவர்கள்தான் எனக்கு உருப்படியாக எதையோ சொன்னார்கள்.

பழைய சாமான் கடையில் ஒரு சோலார் பேனல் கிடைத்தது. எங்கேயோ ஒரு விளக்குக் கம்பத்தில் இருந்தது, பெரிய பரீட்சை அட்டை அளவு. சட்டம் நசுங்கியிருந்தது, கண்ணாடி முழுசாக இருந்தது. காரில் போன் சார்ஜ் போடும் செருகி ஒன்று, வோல்ட் அளக்கும், முள் ஓடுகிற பழைய மீட்டர் ஒன்று, கொஞ்சம் வயர். கடைக்காரர் ஆறு பேட்டரி செல்களை அள்ளி, “இதையும் எடுத்துக்கம்மா, சும்மாதான்” என்றார். தலையை ஆட்டி மறுத்தேன். “சும்மா குடுத்தாக்கூட வேணாங்குது பாரு” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். மெத்தை எரிந்தவரை அவருக்குத் தெரியாது.

வெயிலுக்கு சுவிட்ச் கிடையாது. பேனலை வெளியே வைத்த நொடியிலிருந்து அதன் வயரில் மின்சாரம் இருக்கும். அதனால் வயரைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தடிமனான துண்டால் பேனலை மூடினேன். மீட்டரை வைத்துப் பார்த்தபோது முள் பின்பக்கமாக ஓடியது. எனக்குக் கிடைத்த பேனலிலும் யாரோ சிவப்பு வயரை மாற்றிப் போட்டிருந்தார்கள். வயர்களில் நானே ஒட்டுத்தாளில் கூட்டல், கழித்தல் என்று எழுதி ஒட்டினேன். நல்ல வெயிலில் முள் இருபது வோல்ட்டைத் தாண்டி நின்றது. போனுக்கு வேண்டியது ஐந்து. நேராகக் கொடுத்திருந்தால் எங்கள் போனும் செத்திருக்கும். கார் செருகியின் உடம்பில் பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு வரை தாங்கும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அது உள்ளே வருவதை ஐந்தாக்கிக் கொடுக்கும். அதன் மூக்கைத் திருகிப் பார்த்தேன். உள்ளே கண்ணாடி பியூஸ் இருந்தது. பியூஸ்தானா, இல்லை யாராவது கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறார்களா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன். வயர்களை முறுக்கி விடாமல், திருகாணி வைத்து இறுக்கும் சின்ன பிளாஸ்டிக் கட்டையில் பூட்டினேன்.

முதல் இரண்டு நாள் எங்கள் போனை அதன் பக்கத்திலேயே விடவில்லை. சார்ஜ் ஏறுகிற மலிவு டார்ச் ஒன்றை மாட்டி வைத்து, ஏறியதா என்று அழுத்திப் பார்த்தேன். எரிந்தது. செருகி சுடுகிறதா என்று கால்மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் தப்புகள் செய்யாமல் இல்லை. போனுக்கு வெயில் படக் கூடாது என்று பேனலுக்கு அடியில் நிழலில் வைத்தேன். பேனலின் முதுகு சுட்ட சூட்டில் போன், ‘அதிகச் சூடு’ என்று எழுதிக் காட்டிவிட்டு அணைந்தது. சரி என்று போனை அறைக்குள் வைத்து, மெல்லிய சார்ஜர் வயரை நீட்டி இழுத்தேன். சார்ஜ் ஏறவில்லை. கிளம்பிய ஐந்து போய்ச் சேரும்போது நாலேகால் ஆகியிருந்தது. பழைய வயர் ஒன்றை அறுத்து மீட்டர் வைத்துத்தான் அதைக் கண்டுபிடித்தேன். பிறகு செருகியை உள்ளே ஜன்னல் திட்டில் வைத்து, பேனலிலிருந்து அதுவரை தடித்த வயரை இழுத்தேன். ஏறியது. மறுநாள் திடீரென்று நின்றுவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், அக்கா பேனலுக்கு முன்னால் போர்வையைக் காயப்போட்டிருக்கிறாள்.

“ஏன்க்கா! உலகத்துத் துணியெல்லாம் அங்க காயப்போடுற, இங்கயும் வந்து இதே வேலையா?”

“அடேங்கப்பா, பூச்சிக்கு வாய் வந்துடுச்சு” என்று போர்வையை உருவிக்கொண்டு சிரித்தாள்.

மேகம்தான் பெரிய தொல்லை. மேகம் வந்தால் சார்ஜ் நிற்கும், விலகினால் மறுபடி ஏறும். ஒவ்வொரு முறையும் போன் திடுக்கிட்டு எழுந்து திரையை எரியவைத்து ஒரு சத்தம் போடும். ஒரு மதியம் முழுக்க இப்படியே எழுந்து எழுந்து, ஏறியதைவிடத் தின்றது அதிகம். அதனால் பகலெல்லாம் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பது என் வேலையாயிற்று. மேகம் நெருங்கினால் கழற்றுவேன். போனால் மாட்டுவேன்.

பத்து நாள் ஓர் அழைப்பும் தவறவில்லை. பதினோராம் நாள் மெயின் மாடிக்கு வந்தார்.

காலை பதினொரு மணி இருக்கும்; அதுவரை மேகம், போனை அப்போதுதான் மாட்டியிருந்தேன். பின்னால் பையைத் தோளில் மாட்டிய எலக்ட்ரீஷியன் ஒருவர். அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மெயின் எங்களைப் பார்க்கவே இல்லை. கைப்பிடிச் சுவர் ஓரமாக ஜன்னலுக்குப் போகும் வயரைப் பார்த்தார், நேராகப் போய்ப் பிடித்து இழுத்தார். திருகாணிக் கட்டையிலிருந்து வயர் பிய்ந்து வந்தது. ஜன்னலுக்குள் கையை விட்டு, திட்டில் இருந்த போனையும் உருவினார்.

“பாருங்க! நான் சொன்னேன்ல? என் லைன்ல இருந்து திருடுறாங்க. இந்தா, கையும் களவுமா.”

“சார், போன் சார்... கால் வர்ற நேரம் சார்...” என்று அக்கா சோப்புக் கையோடு ஓடி வந்தாள்.

“வரட்டும். இது சாட்சி. என்கிட்டதான் இருக்கும்.”

எலக்ட்ரீஷியன் பையை இறக்கினார். சாப்பாட்டு வேளைக்கு முன்பே வீடு போய்ச் சேர வேண்டும் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. வயரின் ஒரு முனையை எடுத்து, அது போகிற வழியே நடந்தார். வயர் பேனலில் முடிந்தது. அவர் குனிந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

“சார், இது உங்க லைனுக்குப் போகலியே.”

“எங்கயாவது உள்ள போகும். நல்லாப் பாருங்க.”

“எதுக்குள்ள போகும்? வெறும் தரை சார்.” என் பக்கம் திரும்பினார். “யாரும்மா இதைப் போட்டது?”

அக்கா என்னைப் பார்த்தாள். பேச வராததால் போய் மீட்டரை எடுத்து வந்தேன். பிய்ந்து வந்த இரண்டு முனைகளிலும் வைத்தேன். முள் இருபதுக்கு ஓடியது. பிறகு துண்டை எடுத்துப் பேனல்மேல் போட்டேன். முள் அப்படியே கீழே விழுந்தது. துண்டை எடுத்தேன், ஏறியது. போட்டேன், விழுந்தது.

எலக்ட்ரீஷியன் சிரித்துவிட்டார். “இதுக்குமேல என்ன சார் வேணும்? வெயில்ல இருந்து வருது. கட்டையெல்லாம் ஒழுங்காதான் பூட்டியிருக்கு. பேட்டரி எங்கம்மா?”

“இல்ல” என்றேன். “வேணாம்னு விட்டுட்டேன்.”

“நல்லதாப் போச்சு. பியூஸ்?”

“செருகி மூக்குல.”

“தீப்பிடிச்சா யார் பொறுப்பு?” என்று மெயின் குரலை உயர்த்தினார். “இது என்ன வீடா, பட்டறையா?”

“தீன்னு பேச்சு எடுத்ததால சொல்றேன் சார். வரும்போது கீழ உங்க பெட்டியைத் திறந்து பார்த்தேன். பியூஸ் இருக்க வேண்டிய இடத்துல தடிமனா செம்புக் கம்பியை நாலு சுத்து சுத்தி வெச்சிருக்கீங்க. அது எந்தக் காலத்துலயும் போகாது. வீடுதான் போகும்.”

“உங்கள நான் அதுக்குக் கூப்பிடல.”

“சரி, சொல்லிட்டேன்.”

மெயின் பேனல் பக்கம் திரும்பினார். அதன்பின் சொன்னார். நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். ஓர் எழுத்துகூடச் சேர்க்கவில்லை.

“மாடி என்னுது. மாடியில விழுற வெயிலும் என்னுதுதான். வாடகைக்கு விட்டது ரூம் மட்டும்.”

அந்த நேரத்தில்தான் மெயின் கையிலிருந்த போன் அடித்தது.

“சார், குடுங்க சார்!” அக்கா கையை நீட்டினாள். “சலவைக்கூடத்துல இருந்து. இது மூணாவது தடவை சார், பேரை அடிச்சுடுவாங்க!”

அவர் திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கட்டைவிரலால் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார்.

“பேசிட்டு இருக்கோம்ல? மரியாதை வேணாம்?”

என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. போன் என் கையில் இருந்தது. அவர் விரலில் என் நகம் பட்டிருக்க வேண்டும்; கையை உதறிக்கொண்டார். திரையில் மூன்று சதவீதம் என்று காட்டியது. எலக்ட்ரீஷியன் ஒன்றும் கேட்காமல், பேனலைத் துண்டால் மூடி, திருகாணிக் கட்டையில் வயரைப் பூட்டினார். கூட்டல், கழித்தல் ஒட்டுத்தாளைப் பார்த்துப் பூட்டினார். துண்டை எடுத்ததும் அறைக்குள் ஓடி, ஜன்னல் திட்டில் போனை மாட்டி, அதே எண்ணுக்கு அடித்து, ஸ்பீக்கரைப் போட்டேன்.

“சொல்லு.” மேற்பார்வையாளரம்மாவின் குரல் அடிபட்ட தகரம் மாதிரி இருந்தது.

“மடிக்கிற பிரிவு அக்காவோட தங்கச்சி பேசறேன்.”

“அடிக்கும்போதே கட் பண்றீங்களா? அவ்வளவு கொழுப்பா? மூணு ஆச்சு. பேரை அடிச்சாச்சு.”

“நாங்க கட் பண்ணல” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “எங்க போனைப் பிடுங்கி, எங்க வீட்டுக்காரர் கட் பண்ணினார். முதல் ரெண்டு தடவையும் அவராலதான். பகல் முழுக்க மெயினை ஆஃப் பண்ணி வெச்சுடுவார். போனைக் கடையில குடுத்துச் சார்ஜ் போட்டோம், அங்க இருந்தப்ப நீங்க கூப்பிட்டீங்க. இப்ப நாங்களே வெயில்ல சார்ஜ் போட்டா, அந்த வயரையும் பிச்சுட்டார். எங்க அக்கா ஒரு நாளாவது லேட்டா வந்திருக்காளா? ஒரு துணியாவது தப்பா மடிச்சிருக்காளா? நீங்களே சொல்லுங்க.”

“எல்லாரும் ஒரு கதை வெச்சிருக்கீங்க. யார் மேலயாவது பழியப் போட வேண்டியது. கட் பண்ணினவர் அங்க இருந்தா அவர் பேசட்டும்.”

ஜன்னலுக்கு வெளியே அக்கா நின்றாள். வழக்கமாக இந்த இடத்தில் அவள் “விடுடி” என்பாள். இதற்கு மேல் போனால் அறை போய்விடும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சோப்பு காய்ந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

“சார்” என்றாள். “நீங்கதான் கட் பண்ணினீங்கன்னு அவங்ககிட்ட சொல்லுங்க.”

“யாரைப் பார்த்து என்ன பேசற? கட் பண்ணேன், இப்ப என்னாங்கற? என் வீட்டுல நின்னுகிட்டு எனக்கே ஆர்டர் போடுறியா? இந்த மாசத்தோட காலி பண்ணு! ரெண்டு பேரும்!”

தகரக் கூரை அதிர்கிற மாதிரி கத்தினார். போனில் யந்திரங்கள் உருளும் இரைச்சல் மட்டும் தூரத்தில் கேட்டது. திரையில் நாலு சதவீதம்.

“யாரும்மா அது?” என்றார் மேற்பார்வையாளரம்மா.

“அவர்தான்” என்றேன்.

மறுபடி இரைச்சல். காகிதம் புரள்கிற சத்தம்.

“நாலு மணிக்கு வரச் சொல்லு. அடிச்ச பேரைத் திரும்ப எழுதிக்கறேன்.” பிறகு அதே தகரக் குரல் இன்னும் சத்தமாக வந்தது. “அங்க நிக்கறவரே! உங்களைத்தான் கேக்கறேன் சார். எங்க ஆளுக்கு வர்ற போனை நீங்க எதுக்குக் கட் பண்ணினீங்க?”

அக்கா அவரையே பார்த்தாள். இந்த முறை தலையைக் குனியவில்லை. எலக்ட்ரீஷியன் ஸ்குரூடிரைவரைப் பைக்குள் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். நானும் சுவரைப் பார்க்கவில்லை.

“கேக்குதா சார்?” என்றது போன்.

மெயின் போனைப் பார்த்தார். பேனலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். செருப்பு தரையில் தேய, திரும்பி நடந்து, படி இறங்கிப் போனார்.